கார்டைத் தாண்டியாயிற்று, அடுத்து எங்கே?

எதிராளியின் கால்களைக் கடந்து பக்கவாட்டில் வந்து படுத்துவிட்டீர்கள். உங்கள் நெஞ்சு அவர் நெஞ்சின் மேல் குறுக்காக அழுந்துகிறது, தோள் அவர் தாடையில் இருக்கிறது. மூச்சு வாங்குகிறது. இங்கே வருவதற்கே பாதித் தெம்பு போய்விட்டது. இனி? அப்படியே அழுத்திக்கொண்டு கிடக்கலாம். முழங்காலை அவர் வயிற்றில் ஏற்றலாம். காலைக் குறுக்கே கடத்தி அவர் மேல் குதிரை ஏறியது போல் உட்காரலாம், அதாவது மவுண்ட் ஏறலாம். தலைப்பக்கம் சுற்றிப் போகலாம். அவர் திரும்பும்வரை பொறுத்திருந்து முதுகைப் பிடிக்கலாம்.

ஜியு-ஜிட்சு போன்ற தரைப்பிடிச் சண்டைக் கலை பழக ஆரம்பித்து நாலைந்து மாதம் ஆனவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திகைக்கிறார்கள். கார்டைத் தாண்ட, அதாவது கீழே இருப்பவர் உங்களைத் தடுத்து வைத்திருக்கும் அந்தக் கால்களைக் கடக்க, சில வழிகள் தெரியும். ஒவ்வொரு நிலையிலும் ஓரிரு பூட்டு, அதாவது எதிராளியைச் சரணடைய வைக்கும் பிடி, தெரியும். எப்போது எந்த நிலைக்கு மாறுவது என்பது மட்டும் தெரியாது.

எனக்கும் தெரியாது. ஆகவே எல்லோரும் போல் ஏணிக் கணக்கை நம்பினேன். பக்கவாட்டில் குறுக்காகப் படுத்து அழுத்தும் சைட் கண்ட்ரோலைவிட மவுண்ட் மேல், மவுண்டுக்கு நிகர் முதுகு, ஆகவே சீக்கிரம் மேலே ஏறு என்ற கணக்கு. கார்டைத் தாண்டிய மறுநொடி மவுண்டுக்குத் தாவுவேன். என்னைவிடப் பத்துக் கிலோ குறைவான ஒரு பயிற்சித் தோழர், ஒவ்வொரு முறையும் என் ஒரு கையையும் அதே பக்கத்துக் காலையும் அணைத்துக்கொண்டு, இடுப்பைத் தூக்கி என்னைக் கவிழ்த்துவிடுவார். நான் மல்லாந்தபடி அவருக்குக் கீழே. கார்டைத் தாண்டப் பட்ட பாடு முழுக்க வீண். வாரக்கணக்கில் இதே கதை. கடைசியில் கோச் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்கேருந்து விழுந்தா நீ எங்கே போய் விழுவே?"

அந்தக் கேள்விக்குப் பிறகு இந்த நிலைகளை நான் ஒப்பிடும் விதமே மாறிவிட்டது. ஒரு நிலை எவ்வளவு நேரம் நிற்கும், அங்கிருந்து என்ன தாக்குதல் கிடைக்கும் என்ற இரண்டையும் எல்லோரும் பார்க்கிறார்கள். கைநழுவினால் என்ன பறிபோகும் என்பதுதான் புதிதாகப் பழகுபவருக்கு மற்ற இரண்டையும்விட முக்கியம் என்பது என் கருத்து. ஏனென்றால் முதல் ஒரு வருடம் எல்லாமே கைநழுவும்.

சைட் கண்ட்ரோலிலேயே இருப்பது

நிலைகளில் இதைத்தான் வீடு என்று சொல்வேன். கீழே இருப்பவரின் கால்கள் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இல்லை, உங்கள் எடை முழுக்க அவர் மேல் இருக்கிறது, நீங்கள் கவிழ்க்கப்படும் வாய்ப்பு குறைவு. உடல் குறுக்காகக் கிடப்பதால் அவர் இடுப்பைத் தூக்கினாலும் அந்த விசை உங்களை நேராகத் தூக்கி எறிவதில்லை.

ஆனால் படுத்துக் கிடப்பது வேறு, பிடித்து வைத்திருப்பது வேறு. புதியவர்கள் இரண்டு முழங்காலையும் தரை விரிப்பில் ஊன்றி வசதியாக இருப்பார்கள். அப்போது எடை விரிப்புக்குப் போகிறது, எதிராளிக்குப் போவதில்லை. முழங்காலைக் கொஞ்சம் எடுத்துவிட்டுக் கால்விரல்களைத் தரையில் ஊன்றி நெஞ்சை முன்னே தள்ளிப் பாருங்கள். அதே ஆள், அதே எடை, கீழே இருப்பவருக்கு மட்டும் இரண்டு மடங்கு கனமாகத் தெரியும்.

பிடிக்க வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது தலை. ஒரு கையை அவர் கழுத்துக்கு அடியில் விட்டுத் தோளால் தாடையை அழுத்தினால் முகம் உங்களை விட்டு விலகித் திரும்பிவிடும். இதுதான் கிராஸ்ஃபேஸ். முகம் போகாத பக்கம் உடம்பும் போகாது. இரண்டாவது, உங்களுக்குத் தூரத்தில் இருக்கும் அவருடைய அக்குள். உங்கள் இன்னொரு கை அதற்கடியில் நுழைந்திருந்தால் அது அண்டர்ஹுக். மூன்றாவது, உங்கள் பக்கத்தில் இருக்கும் அவர் இடுப்பு. இதை முழங்காலாலோ, தேவைப்படும்போது ஒரு கையை எடுத்தோ அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் அவர் இடுப்பைப் பின்னுக்கு இழுத்து இறால் போல் வளைந்து நகர்ந்து, கிடைத்த இடைவெளியில் முழங்காலை நுழைத்துவிடுவார். ஷ்ரிம்ப் என்று ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் செய்ய வைக்கிறார்களே, அது இதற்காகத்தான்.

இதில் சில வகைகள் உண்டு. ஜூடோக்காரர்கள் விரும்பும் கெஸா-கதாமேயில் இடுப்பைத் தரையில் வைத்து உட்கார்ந்தபடி அவர் தலையையும் ஒரு கையையும் சேர்த்து அணைப்பீர்கள். அழுத்தம் பயங்கரமாக இருக்கும். ஆனால் அந்தக் கை உருவப்பட்டால் அவர் உங்கள் முதுகுக்கு வந்துவிடுவார், அதனால் கையை நம்பி வாழும் நிலை அது. இடுப்பைக் கால்பக்கம் திருப்பி உட்காரும் வகையும் இருக்கிறது. அதன் பெரிய உபயோகம் மவுண்டுக்குப் போகும் வழியில்தான்.

தாக்குதல் என்று பார்த்தால் இங்கே கைப்பூட்டுகள்தான் அதிகம். 1951-இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் பிரேசில் ஜியு-ஜிட்சு வீரர் ஹெலியோ கிரேசியை ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா தரையில் அழுத்தி வைத்துப் போட்ட கைப்பூட்டுதான் பிறகு கிமுரா என்றே அழைக்கப்பட்டது. ஜூடோவில் அதற்கு உதே-கராமி என்று பெயர். புதியவர்களிடம் இந்தப் பூட்டு சைட் கண்ட்ரோலில் நிறைய விழும், ஏனென்றால் கீழே இருப்பவர் பயத்தில் கையை நீட்டித் தள்ளுவார். கொஞ்சம் அனுபவம் வந்தவர் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வார். அப்போது சைட் கண்ட்ரோல் ஊமையாகிவிடும். நெடுநேரம் அழுத்தலாம், முடிக்க முடியாது. அதன் பலவீனம் அதுதான்.

சரி, நழுவினால் என்ன ஆகும்? இரண்டில் ஒன்று. அவர் முழங்காலை நுழைத்துத் திரும்பக் கார்டுக்குப் போவார். இல்லையென்றால் உங்களை நோக்கித் திரும்பி முழங்காலுக்கு எழுவார். முதலாவதில் நீங்கள் இன்னும் மேலேதான் இருக்கிறீர்கள், மறுபடி தாண்ட வேண்டும், அவ்வளவே. இரண்டாவதில் அவர் தலையையோ முதுகையோ பிடிக்க உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. நஷ்டம் தாங்கக்கூடியது.

வயிற்றில் முழங்கால்

பார்ப்பதற்கு நிலையில்லாத நிலை இது. உங்கள் பக்கத்து முழங்காலை அவர் வயிற்றின் குறுக்கே வைத்து, பாதத்தை அவர் இடுப்போரம் ஒட்டி, மற்ற காலை விலக்கி ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி இருப்பீர்கள். ஒரே காலில் நிற்கும் கொக்கு மாதிரி தோன்றும். அதனால்தான் புதியவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள். நானும் ஒரு வருடம் தவிர்த்தேன். அது தவறு.

இங்கே ஏறுவது சுலபம். சைட் கண்ட்ரோலில் இருந்தபடி இரண்டு கைகளையும் அவர் மேல் ஊன்றி, ஒன்றைத் தோளோரமும் மற்றதை இடுப்போரமும் வைத்துத் தள்ளி, ஒரே அசைவில் முழங்காலை ஏற்றிவிட வேண்டும். தவழ்ந்து ஏறினால் அவர் முழங்கை நடுவில் வந்துவிடும். ஊன்றிய கால் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

இதன் பலம் எதிராளியைப் பேச வைப்பது. சைட் கண்ட்ரோலில் முழங்கையை ஒட்டி வைத்து அமைதியாகக் கிடந்தவரும், வயிற்றில் முழங்கால் இறங்கியதும் சும்மா இருக்கமாட்டார். இரண்டு கையாலும் முழங்காலைத் தள்ளுவார். தள்ளும் கை உடம்பை விட்டு விலகுகிறது, அப்போது கைப்பூட்டு கிடைக்கும். உங்களை விட்டு விலகித் திரும்புவார், முதுகு கிடைக்கும். தள்ளிய விசையிலேயே உங்கள் முழங்கால் வழுக்கி மறுபக்கம் இறங்கினால் மவுண்ட் கிடைக்கும். அதாவது மற்ற எல்லா நிலைகளுக்கும் இது ஒரு சந்திப்பு. எந்த வண்டியில் ஏறுவது என்று எதிராளியே முடிவு செய்கிறார்.

நழுவினால்? ஒன்றுமே பெரிதாகப் போவதில்லை. உங்கள் பாதம் தரையில் இருக்கிறது, நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது. அவர் இடுப்பைத் தூக்கினால் நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள், அல்லது மறுபடி சைட் கண்ட்ரோலில் இறங்குகிறீர்கள். கவிழ்ந்து அடியில் போவது அபூர்வம். உங்களைவிடக் கனமானவரோடு மோதும்போது இந்த ஒரு காரணமே போதும். மவுண்டில் அவர் தூக்கும் இடுப்பின் மேல் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இங்கே அப்படி இல்லை.

ஒரு எச்சரிக்கை. முழு எடையையும் விலா எலும்பின் மேல் சட்டென்று இறக்காதீர்கள். பயிற்சியில் விலா வலியோடு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன், அது யாருக்கும் நல்லதல்ல. மெதுவாக வயிற்றில் இறக்கினாலே கீழே இருப்பவர் அசைவார்.

மவுண்ட்

எதிராளி மல்லாந்திருக்க, அவர் மேல் நீங்கள் குதிரை ஏறியது போல் இரு பக்கமும் கால் போட்டு உட்காரும் நிலை. இதன் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்றால், உங்கள் இரண்டு கையும் விடுதலையாக இருக்கின்றன, அவர் கால்களால் உங்களைத் தொடவே முடியாது. 1993 நவம்பர் 12 அன்று டென்வரில், பல சண்டைக் கலைக்காரர்கள் மோதிக்கொண்ட முதல் யுஎஃப்சி போட்டியில், ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசியின் முதல் எதிராளி ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு குத்துச்சண்டை வீரர். ராய்ஸ் அவரை வீழ்த்தி மவுண்ட் ஏறினார். பூட்டு எதுவும் விழவில்லை. அந்த நிலையிலிருந்து வெளியே வர வழி தெரியாமலேயே ஜிம்மர்சன் டேப் செய்துவிட்டார், அதாவது கையால் தட்டிச் சரணடைந்துவிட்டார்.

ஆனால் பயிற்சிக் கூடத்தில் உங்கள் எதிராளிக்கு வழி தெரியும். மவுண்டிலிருந்து தப்ப இரண்டு பழைய வழிகள் உண்டு. ஒரு கையையும் அதே பக்கத்துக் காலையும் சிறைப்பிடித்து, இடுப்பைத் தூக்கி அந்தத் தோளுக்கு மேலாகக் கவிழ்ப்பது ஒன்று. முழங்கையை உங்கள் முழங்காலுக்கு அடியில் நுழைத்து, ஷ்ரிம்ப் செய்து உங்கள் காலைத் தன் கால்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வது மற்றது. நல்ல ஆட்டக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வார். முதலாவதைத் தடுக்க நீங்கள் கையை விரித்து ஊன்றினால் இரண்டாவதற்கு இடம் கிடைக்கும்.

இங்கே மவுண்டையே இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாழ்ந்த மவுண்டில் இடுப்பு அவர் இடுப்பின் மேல், நெஞ்சு கீழே, பாதங்கள் அவர் தொடைக்கடியில் செருகி இருக்கும். இது தாக்குப்பிடிக்க நல்லது, தாக்குவதற்கு அவ்வளவு உதவாது. உயர்ந்த மவுண்டில் உங்கள் முழங்கால்கள் அவர் அக்குளுக்கு ஏறிவிடும், அவர் முழங்கைகள் உடம்பை விட்டுத் தூக்கப்பட்டுவிடும். இடுப்புக்கும் உங்களுக்கும் தூரம் அதிகமாவதால் அவர் தூக்கும் விசை அவ்வளவாக எட்டாது. முழங்கையை நுழைக்கவும் முடியாது. ஏறி முதல் சில வினாடி தாழ்ந்து நின்று, அவர் தூக்கி ஓய்ந்ததும் ஒவ்வொரு முழங்காலாக மேலே நடப்பதுதான் சரியான வரிசை. நான் தாவி ஏறிய காலத்தில் இரண்டுக்கும் நடுவில், வயிற்றின் மேல் நிமிர்ந்து உட்காருவேன். கவிழ்க்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

ஜியு-ஜிட்சு சாம்பியன் ரோஜர் கிரேசி இந்த நிலையிலிருந்து சட்டைக் காலரைக் குறுக்காகப் பிடித்து நெரிக்கும் ஒரே ஒரு பிடியால் உலகின் தலைசிறந்தவர்களை எல்லாம் முடித்தவர். வெள்ளைப் பெல்ட்டின் முதல் மாதத்திலேயே சொல்லித் தரும் பிடி அது. ஆனால் அவர் உயரமும் இடுப்பு அழுத்தமும் வேறு. உயரம் குறைந்தவர், எடை குறைந்தவர் மவுண்டைத் தன் முதல் வீடாக வைத்துக்கொள்வது கடினம் என்றே நினைக்கிறேன்.

சைட் கண்ட்ரோலிலிருந்து ஏறும்போது காலை உயரத் தூக்கி வீசாதீர்கள். அவர் முழங்காலை மடக்கிக் காத்திருப்பார், உங்கள் பாதம் அங்கே சிக்கி, ஒரு கால் அவர் கால்களுக்கு நடுவில் மாட்டிய ஹாஃப் கார்டு ஆகிவிடும். இடுப்பை அவர் கால்பக்கம் திருப்பி, அவர் பக்கத்து முழங்கையை உங்கள் இடுப்பாலேயே தலைப்பக்கம் தள்ளிவிட்டு, முழங்காலை வயிற்றின் மேல் வழுக்கவிட்டு மறுபக்கத் தரையில் இறக்குங்கள். முழங்கால் தரையைத் தொட்டபின்தான் பாதம் கடக்க வேண்டும்.

நழுவினால் நஷ்டம் பெரியது. கவிழ்க்கப்பட்டால் நீங்கள் அடியில், அவர் உங்கள் கார்டுக்குள். ஒரு நொடியில் மேல் கீழாகிறது. முழங்கை வழியாகத் தப்பினால் ஹாஃப் கார்டு, கொஞ்சம் பரவாயில்லை.

முதுகு

மேலே சொன்ன எல்லா நிலையிலும் எதிராளி உங்களைப் பார்க்கிறார், அவர் கைகள் உங்களை நோக்கி இருக்கின்றன. முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. தள்ள முடியாது, பார்க்க முடியாது. அவர் வலு பாதியாகிவிடுகிறது என்றே சொல்லலாம். உங்கள் எடையும் இங்கே அவ்வளவு முக்கியமில்லை, நீங்கள் அழுத்துவதில்லை, ஒட்டிக்கொள்கிறீர்கள். ஜியு-ஜிட்சு சாம்பியன் மார்செலோ கார்சியா தன்னைவிட மிகப் பெரியவர்களோடு மோதி முதுகைப் பிடித்து நெரித்தே புகழ்பெற்றவர். சிறிய உடம்புக்காரர்களுக்கு முதுகைத்தான் முதலில் சொல்வேன்.

பிடிக்கும் விதம்: ஒரு கை அவர் தோளுக்கு மேலாக, மறு கை அக்குளுக்கு அடியாக, இரண்டும் அவர் நெஞ்சில் கோத்துக்கொள்ளும். காரில் சீட் பெல்ட் கிடக்கும் அதே கோணம், பெயரும் அதுதான். இரு பாதங்களும் அவர் தொடைகளின் உள்பக்கம் கொக்கி போட்டிருக்கும். கணுக்கால்களைக் குறுக்கே பூட்டிக்கொள்ளாதீர்கள், அவர் உங்கள் கணுக்காலையே முறுக்கிவிடுவார். பக்கவாட்டில் விழ நேர்ந்தால் தோளுக்கு மேலே போன கையின் பக்கம் விழ வேண்டும். அக்குள் வழியாகப் போன கையின் பக்கம் விழுந்தால் அவர் தோளைத் தரையில் ஊன்றி நழுவ அது வழி.

முதல் யுஎஃப்சியின் அதே இரவில் ராய்ஸ் கிரேசி கென் ஷாம்ராக்கையும், இறுதியில் ஜெரார்ட் கோர்டோவையும் முடித்தது பின்னாலிருந்து கழுத்தை நெரித்துத்தான். கழுத்தின் இரு பக்க இரத்தக் குழாய்களும் அழுந்தினால் பத்து வினாடி போலத்தான், மயக்கம் வந்துவிடும். தசை வலு இதைத் தடுக்காது. அதனால் பயிற்சியில் டேப் வந்த கணமே விட வேண்டும், கீழே இருப்பவரும் வீம்புக்காகப் பொறுக்கக் கூடாது.

குறை என்ன? முதுகை நீங்களாகப் போய் எடுப்பது கடினம், அவர் கொடுக்க வேண்டும். அவர் கவிழ்ந்து ஆமை போல் சுருண்டால், மவுண்டில் அடி தாங்காமல் பக்கவாட்டில் திரும்பினால், வயிற்றில் முழங்கால் பொறுக்காமல் விலகினால்தான் கதவு திறக்கும். ஆகவே முதுகை இலக்காக வைக்கலாம், பாதையாக வைக்க முடியாது.

நழுவினால், அவர் முதுகைத் தரையில் வைத்து உங்கள் பக்கம் திரும்பி உங்கள் மேலேயே வந்துவிடக்கூடும். நஷ்டம் மவுண்டை ஒத்தது. ஆனால் இங்கே ஒரு தப்பு வழி இருக்கிறது. அவர் தோள் தரையைத் தொடும் அந்தத் தருணத்தில் கீழ்க்காலை உருவி மேலே ஏறினால் மவுண்ட் கிடைக்கும். முதுகும் மவுண்டும் ஒன்றுக்கொன்று வாசல் என்பதை உணர்ந்தபின் எனக்கு மவுண்ட் மீதிருந்த பயம் போயிற்று. மவுண்டில் அவர் திரும்பினால் முதுகு, முதுகிலிருந்து அவர் மல்லாந்தால் மவுண்ட்.

தலைப்பக்கம்

நார்த்-சவுத் என்று சொல்லும் இந்த நிலையில் அவர் தலை உங்கள் வயிற்றருகே, உங்கள் தலை அவர் வயிற்றருகே இருக்கும். பிடித்து வைக்க நல்லது. சைட் கண்ட்ரோலில் அவர் கைகளால் வலுவாக முட்டுக் கொடுத்தால், அந்த முட்டைச் சுற்றிக்கொண்டு தலைப்பக்கம் போய் மறுபக்கம் இறங்கலாம். முதல் வருடத்தில் இதை ஒரு திருப்பமாக மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

விதி மாறினால் கணக்கும் மாறும்

போட்டிக்குப் போகிறவர் என்றால் விதிகளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதியில் கார்டைத் தாண்டினால் 3 புள்ளி, வயிற்றில் முழங்காலுக்கு 2, மவுண்டுக்கும் கொக்கி போட்ட முதுகுக்கும் தலா 4. எதையும் மூன்று வினாடி நிலைநிறுத்த வேண்டும். சைட் கண்ட்ரோலுக்கென்று தனிப் புள்ளி கிடையாது, அங்கேயே கிடந்தால் தாண்டியதற்கான மூன்றோடு நிற்பீர்கள். முழங்காலை ஏற்றி அங்கிருந்து மவுண்ட் போனால் அதோடு ஆறு சேர்கிறது. சட்டை இல்லாமல் பிடிக்கும் போட்டியான ஏடிசிசியின் விதியில் மவுண்டுக்கு 2 மட்டும், முதுகுக்கு 3. அங்கே மவுண்டுக்கும் வயிற்றில் முழங்காலுக்கும் ஒரே விலை. நழுவினால் வரும் நஷ்டத்தை நினைத்தால் அந்தப் போட்டியில் மவுண்டுக்கு அவசரப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஜூடோவில் கதையே வேறு. எதிராளியை மல்லாக்க அழுத்தி 10 வினாடி வைத்தால் வஸா-அரி, அதாவது பாதி வெற்றி, 20 வினாடி வைத்தால் இப்போன், முழு வெற்றி, ஆட்டம் முடிந்தது. முதுகைப் பிடிப்பதற்கென்று எதுவும் கிடையாது. அவர் உங்கள் காலைத் தன் கால்களால் பூட்டிவிட்டால் எண்ணிக்கையும் நின்றுவிடும். ஆகவே சைட் கண்ட்ரோலில் நன்றாக உட்கார்ந்துவிட்ட ஜூடோக்காரர் மவுண்டுக்குப் போக நினைப்பது கையில் இருக்கும் வெற்றியைத் தரையில் வைப்பது மாதிரி. மல்யுத்தத்திலும் இரு தோள்களைத் தரையில் பதிப்பதே இலக்கு, அதனால் கீழே இருப்பவர் குப்புறத் திரும்புவது அங்கே தற்காப்பு. அந்தப் பழக்கத்தோடு ஜியு-ஜிட்சுவுக்கு வருபவர்கள் முதல் மாதம் முழுக்க முதுகைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

கீழே மாட்டியவருக்கு

மேலே இருப்பவரின் முடிவு பாதிக் கதைதான். சைட் கண்ட்ரோலுக்கு அடியில் கிடப்பவருக்கும் இரண்டு வழி: இடுப்பை விலக்கி முழங்காலை நுழைத்துக் கார்டுக்குத் திரும்புவது, அல்லது மேலே இருப்பவரை நோக்கித் திரும்பி முழங்காலுக்கு எழுவது. முதலாவது மெதுவானது. தவறினால் பெரும்பாலும் அதே இடத்தில் இருப்பீர்கள், மோசமானால் மவுண்ட். இரண்டாவது வேகமானது, எழுந்துவிட்டால் அவர் காலைப் பிடித்துக் கவிழ்க்கவும் முடியும், தவறினால் முதுகு போகும்.

எதைத் தேர்வு செய்வது என்பதை உங்கள் தூரக் கை சொல்லிவிடும். அது அவர் அக்குளுக்கு அடியில் நுழைந்திருந்தால், அதாவது அண்டர்ஹுக் உங்களுடையது என்றால், எழுந்துகொள்ளுங்கள். அண்டர்ஹுக் அவர் கையில், கிராஸ்ஃபேஸும் விழுந்திருக்கிறது, முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் எழ முயல்வது வீண். ஒரு முன்கையை அவர் கழுத்தோரமும் மற்ற முன்கையை அவர் இடுப்பிலும் முட்டுக் கொடுத்து, முதலில் இடுப்பைத் தூக்கி அவரை ஒரு விரற்கடை மேலே அனுப்பி, அவர் திரும்ப இறங்குவதற்குள் ஷ்ரிம்ப் செய்யுங்கள். தூக்காமல் நகர முயன்றால் நகரவே முடியாது.

யாருக்கு எது

எடை அதிகமானவர், நிதானமானவர் சைட் கண்ட்ரோலை வீடாக வைத்து அங்கிருந்து கைப்பூட்டுகளையும் மவுண்டையும் பழகட்டும். எடை குறைந்தவர் வயிற்றில் முழங்காலையும் முதுகையும் ஜோடியாகப் பழகினால் நல்லது, இரண்டுமே எடையை நம்பாதவை, ஒன்று மற்றதற்குக் கதவு திறக்கும். உயரமானவர், கால் நீளமானவர் மவுண்டில் ஏறி உயரப் போய் உட்காரலாம், ஆனால் நழுவி விழும்போது கார்டில் தற்காக்கத் தெரிந்திருந்தால் மட்டும். கார்டில் பயமில்லாதவருக்கு மவுண்ட் இழப்பு அவ்வளவு பெரிய இழப்பில்லை. என் காலத்தில் கார்டு எனக்குச் சுத்தமாக வராது, அதனால்தான் மவுண்டிலிருந்து விழுந்தது அத்தனை வலித்தது.

எந்த உடம்புக்காரராக இருந்தாலும் முதல் ஆறு மாதம் சைட் கண்ட்ரோலையும் வயிற்றில் முழங்காலையும் சேர்த்துப் பழகச் சொல்வேன். மவுண்டை அவர் தள்ளும்போது மட்டும் எடுங்கள், முதுகை அவர் திரும்பும்போது மட்டும். நீங்களாக எங்கும் தாவ வேண்டாம். அவர் முழங்கை ஒட்டியிருந்தால் முழங்காலை ஏற்றுங்கள். அவர் முழங்காலைத் தள்ளினால் வழுக்கி மவுண்டுக்கு. அவர் விலகித் திரும்பினால் சீட் பெல்ட் பிடித்து முதுகுக்கு. அவர் இடுப்பைத் தூக்கினால் திரும்ப இறங்கி அழுத்துங்கள்.

இதைப் பழக நல்ல வழி, முழு ஆட்டமாக உருளாமல் மூன்று நிமிடச் சுற்றுகள் வைத்துக்கொள்வது. சைட் கண்ட்ரோலில் தொடங்குங்கள். மேலே இருப்பவர் பூட்டு எதுவும் போடக் கூடாது, மாறிக்கொண்டே இருப்பது மட்டும் வேலை. கீழே இருப்பவர் கார்டுக்குத் திரும்பினாலோ எழுந்தாலோ நிறுத்தி மறுபடி அதே இடத்தில் தொடங்குங்கள். அடுத்த சுற்றில் இடம் மாற்றுங்கள். என்னைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தாரே, அந்தத் தோழரோடு இப்படி இரண்டு மாதம் செய்தேன். மூன்றாவது வாரத்தில் அவர் என் முழங்காலை இரண்டு கையாலும் தள்ளினார், முழங்கால் தானாக வழுக்கி மறுபக்கம் இறங்கிற்று, நான் தாழ்ந்து நெஞ்சை ஒட்டினேன். அவர் இரண்டு முறை இடுப்பைத் தூக்கினார். நான் அங்கேயே இருந்தேன்.